முப்பத்தேழாம் கலவை

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், ஆஸ்திரேலியாவில் ஒரு வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கிறார். கடையில் வாங்கியதல்ல, அளவு கொடுத்துச் சொல்லிச் செய்தது. அதில் போடும் தோட்டாவும் எந்தக் கடையிலும் கிடைக்காது. வெற்றுப் பித்தளைக் குப்பிகளை வாங்கி, தன் துப்பாக்கிக்கு ஏற்றபடி அவற்றின் கழுத்தைக் குறுக்கி, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை அழுத்தி, ஒவ்வொரு தோட்டாவையும் அவரே கையால் செய்கிறார். சனி ஞாயிறு வந்தால் சுடுகிற மைதானத்துக்குப் போய் அட்டையில் ஐந்து ஐந்தாகச் சுடுவார். ஐந்து ஓட்டையும் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்று அளந்து நோட்டில் எழுதுவார். அடுத்த வாரம் மருந்தை ஒரு துளி கூட்டிக் குறைத்து மறுபடியும் ஐந்து. மூன்று வருடமாக இது நடக்கிறது. இதுவரை ஒரு முயல்கூடச் சாகவில்லை. கேட்டால், "தோட்டா இன்னும் சரியா அமையல மாப்பிள்ளை" என்பார்.

இதையெல்லாம் அவர் எனக்கு ஏன் சொல்ல வேண்டும்? அவர் வீட்டில் யாரும் காது கொடுப்பதில்லை. நான் ரங்கூனில், பசுந்தாங் பேட்டையில், மூக்குக்கண்ணாடிக்குச் சில்லு தேய்க்கிறவன். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று சொன்னால் எனக்கு உடனே மனசுக்குள் படம் வந்துவிடும். அதுதான் நான் செய்த குற்றம். முதலில் அவர் தோட்டாக்களைப் படம் பிடித்தே அனுப்பினார். நான் அலறிவிட்டேன். இங்கே பட்டாளத்துக்காரர்கள் வழியில் நிறுத்திப் போனை வாங்கிப் பார்ப்பார்கள். "மச்சான், அந்தப் படமெல்லாம் வேணாம். நான் சாயங்காலம் வீடு வந்து சேரணும்" என்றேன். அவர் பொறுப்பான மனிதர். அன்றிலிருந்து குண்டை லட்டு என்றும் மருந்தை ரவை என்றும் எழுத ஆரம்பித்தார். "இன்னிக்கு ரவை கூடிப்போச்சு, லட்டு எடப்பக்கமா போவுது" என்று செய்தி வரும். என் மனைவி அதைப் படித்துவிட்டு, அண்ணன் மிட்டாய்க்கடை வைக்கப்போவதைத் தன்னிடம் மறைக்கிறார் என்று இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், காக்காய் வரும் வரை.

எங்கள் வீடு ஆறாம் மாடி, கடை அதே கட்டடத்தின் தரைத்தளம். கரண்ட் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகமானதும், எல்லாரையும் போல நானும் பால்கனிக் கம்பியில் ஒரு சோலார் பலகையைக் கட்டினேன். அதிலிருந்து ஆறு மாடி நீளத்துக்கு ஒயர் இறக்கி, கடையில் பேட்டரியில் சேர்த்து, சில்லு தேய்க்கும் மிஷினை ஓட்டினேன். ரங்கூன் காக்காய்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு விளக்குவது கஷ்டம். மனிதர்கள் நாங்கள்தான் அவற்றின் ஊரில் வாடகைக்கு இருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் தன் முகத்தைப் பார்த்த காக்காய் அதோடு சண்டைக்கு நின்றது. இன்னொன்று எலும்பைக் கொண்டுவந்து போட்டு உடைத்தது. மூன்றாவது ஒன்று, வேறு வேலையே இல்லாமல், ஒயரை உரித்தது. ஒரே மாதத்தில் நான்கு முறை ஒயர் மாற்றினேன். மிஷின் நடுவில் நின்று பாழான சில்லுகளை மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம், என் வயதுக்குத் தகுந்ததல்ல.

கவட்டை செய்ய முடிவு செய்தேன்.

பையன்கள் வைத்திருக்கும் கவட்டை அல்ல. உருக்கிய மெழுகை ஆறவைத்துக் கையில் பிடித்து அழுத்தி, அந்த அச்சை தாமுவேயில் ஒரு தச்சரிடம் கொடுத்து, கொய்யாக்கட்டையில் என் பிடிக்கென்றே செய்து வாங்கினேன். உண்டை வைக்கும் தோலைக் கண்ணாடிக் கூட்டிலிருந்து வெட்டினேன். தச்சர், "இது எதுக்கு?" என்று கேட்டார். "காக்கா ஓட்டத்தான்" என்றேன். அவர் மெழுகு அச்சையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்டார்.

ஐந்தாம் மாடியில், எங்களுக்கு நேர் கீழே, ஒரு பர்மிய அம்மாள் இருக்கிறார். தினமும் காலையில் காக்காய்களுக்குச் சோறு வைத்துப் புண்ணியம் சேர்ப்பவர். அதாவது என் எதிரிகளுக்குச் சாப்பாடு போட்டு வளர்ப்பவர். அவரிடம் சொல்லாமல் ஆரம்பிப்பது மரியாதையல்ல என்று போய்ச் சொன்னேன்.

"அமலே! கொன்னா அகுதோ ஸயா, பெரிய பாவம்" என்று நெஞ்சில் கைவைத்தார். சில்லு தேய்க்கிறவனையும் இங்கே ஸயா, அதாவது வாத்தியார், என்றுதான் கூப்பிடுவார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொல்லாம, காயப்படுத்தாம, வெக்கப்படுற மாதிரி அடிக்க முடியுமா?" என்று கேட்டார்.

கல் முடியாது. கோலிக்குண்டு முடியாது. பட்டவுடன் பொடியாகிவிடும் உண்டை வேண்டும். ஆனால் பறக்கும்போது உடையக்கூடாது, வளையக்கூடாது. அன்று சாயங்காலம் மச்சானுக்குப் போன் செய்தேன். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை என் கல்யாணத்தில்கூட நான் கேட்டதில்லை.

"மாப்பிள்ளை, ஒரே ஒரு சட்டம்தான். ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும். ரெண்ட மாத்தினா எதனால நல்லாச்சு, எதனால கெட்டுச்சுன்னு சாகுற வரைக்கும் தெரியாது."

ஆற்றைத் தாண்டி த்வாண்டேக்குப் போய்ப் பானை செய்கிறவர்களிடம் களிமண் வாங்கி வந்தேன். வெறும் களிமண் முதல் கலவை. காய்ந்ததும் கல்லாகிவிட்டது. உமிச்சாம்பல் சேர்த்தது இரண்டாம் கலவை, தோலில் வைக்கும்போதே உதிர்ந்தது. அப்புறம் மரத்தூள், அரிசிமாவு, கஞ்சி. மழைக்காலம் வந்ததும் உண்டைகள் ஈரம் குடித்துப் பருத்தன. பிஸ்கட் டப்பாவில் அரிசியைக் கொட்டி நடுவில் புதைத்து வைத்தேன். ரங்கூனுக்கு வந்த ஒருவரிடம் மச்சான் ஒரு குட்டித் தராசு கொடுத்தனுப்பினார். அதில் ஒவ்வொரு உண்டையாக நிறுத்தேன். எடை சரியாக இருந்தாலும் உருண்டை சரியாக இல்லாவிட்டால் வளைந்து போகிறது என்று பதினெட்டாம் கலவையில் கண்டுபிடித்து, சில்லு தேய்க்கும் மிஷினிலேயே உண்டையை வைத்து உருட்டித் தேய்த்தேன். அந்த வாரம் கண்ணாடி வாங்கிப்போன ஒரு பெரியவர் மறுநாளே திரும்பி வந்து, "ஸயா, உலகமே செம்மண்ணா தெரியுது" என்றார். துடைத்துக் கொடுத்து அனுப்பினேன்.

குறி பார்க்க மச்சானைப் போல அட்டை வேண்டும். கடையில் கண் சோதிக்கும் அட்டை பழையது ஒன்று கிடந்தது. அதை உள்கூடத்தின் கடைசிச் சுவரில் மாட்டிவிட்டுப் பால்கனியிலிருந்து சுட்டேன். முதல் மாதம் மேலே உள்ள பெரிய எழுத்தையே தொட முடியவில்லை. பிறகு இரண்டாம் வரி, மூன்றாம் வரி. "அஞ்சாவது வரிக்கு வந்துட்டேன் மச்சான்" என்று சொன்னபோது அவர் வேலை இருக்கிறதென்று போனை வைத்துவிட்டார். பொறாமை என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு மட்டும் சொல்லவில்லை. அப்பா இறந்து அப்போதுதான் நான்கு மாதம் ஆகியிருந்தது. அம்மாவுக்குக் காக்காய் என்றால், எது யாராக இருக்குமோ என்ற பயம். முறத்தில் காயும் உண்டைகளைத் தடவிப் பார்த்து, "என்னய்யா இது?" என்று கேட்டாள். பார்வை மங்கல். "கண்ணாடி வேலைக்கும்மா" என்றேன். நம்பிவிட்டாள். அப்பா போன பிறகு அவள் எதையும் இரண்டாவது முறை கேட்பதில்லை. எப்போதும் விரும்பிச் சாப்பிடும் மொஹிங்காவைக்கூடத் தொடுவதில்லை. மீன்குழம்பு ஊற்றிய அந்த நூடுல்ஸ் கிண்ணத்தை யாராவது வீட்டுக்கு வாங்கி வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். சர்க்கரைக்குப் பயந்து என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

முப்பத்தேழாம் கலவை அமைந்துவிட்டது. களிமண், சலித்த உமிச்சாம்பல், பழைய சோற்றுக் கஞ்சி, நிழலில் ஆறு நாள். ரப்பரைக் காது வரை இழுத்து விட்டால் நேராகப் போய், பட்ட இடத்தில் புஸ்ஸென்று ஒரு புகைபோல் உதிர்ந்துவிடும். முதலில் அடிபட்ட காக்காய் பலகையிலிருந்து ஒரு அடி துள்ளி, திரும்பி, தன் முதுகில் கிடந்த மண்ணைப் பார்த்து, அப்புறம் என்னைப் பார்த்தது. வலி இல்லை. அவமானம்தான். ஐந்தாம் மாடி அம்மாள் கேட்டது அப்படியே நடந்தது. அன்று நான் மகிழ்ச்சியில் கடையையே திறக்கவில்லை.

இரண்டு வாரத்தில் எங்கள் பால்கனிக்கு ஒரு காக்காய்கூட வருவதில்லை. ஆனால் அவை என் முகத்தைப் படித்துவிட்டன. நான் தெருவில் இறங்கினால் ஒன்று கத்தும், உடனே இருபது சேர்ந்துகொள்ளும். கம்பத்துக்குக் கம்பம் தாவி என் தலைக்கு மேலேயே வரும். வெயிலில்லாத நாளிலும் குடை பிடித்து நடந்தேன். முனையிலிருக்கும் டீக்கடைக்காரர் காக்காய்ச் சத்தம் கேட்டதுமே எனக்கு டீ ஊற்ற ஆரம்பித்துவிடுவார். நான் போய் உட்காரும்போது சூடு சரியாக இருக்கும்.

இத்தனை மாதத்தில், அப்பாவின் முதல் திதி வரும் என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. அமாவாசைச் சோற்றை அம்மா கோயிலிலேயே வைத்துவிட்டு வருவாள். திதிச் சோறு வீட்டில், மகன் கையால் வைக்க வேண்டும். காக்காய் எடுத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் கை நனைக்கலாம்.

அன்று காலை நான் குளித்து, ஈர வேட்டியோடு, வாழையிலையில் சோறும் பருப்பும் எள்ளும் வைத்துப் பால்கனிக் கட்டையருகே போய் நின்று, "கா, கா" என்று கூப்பிட்டேன். எதிர்க் கட்டடத்தின் விளிம்பில் முப்பது நாற்பது காக்காய் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றும் அசையவில்லை. நான் கையை உயர்த்தியதும் அத்தனையும் ஒரே நேரத்தில் குனிந்துகொண்டன.

பின்னால் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "வந்துச்சாய்யா?"

"வரும்மா."

ஒரு மணி நேரம் ஆனது. குல்லா வைத்துக்கொண்டு போனேன், வரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போனேன், அவைதான் எனக்குத் தெரியாமல் போயின. கடைசியில் மனைவியின் தமேனை, பர்மியப் பெண்கள் இடுப்பில் கட்டும் அந்தத் துணியை, கட்டிக்கொண்டு, கன்னத்தில் சந்தனம் மாதிரி தனக்காக் கட்டையை அரைத்துப் பூசி, அவளுடைய துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, இலையைப் பிடித்தபடி மெல்லிய குரலில் "கா" என்றேன். எதிர் வரிசையில் ஒரே ஒரு காக்காய் தலையைச் சாய்த்துப் பார்த்தது. அப்புறம் அது கத்திய கத்தலில் தெருவே மேலே பார்த்தது. டீக்கடைக்காரர் கையில் கெட்டிலோடு வெளியே வந்துவிட்டார்.

"போதுங்க, உள்ள வாங்க. மானம் போவுது" என்றாள் மனைவி. அவள் கவலை என் மானம் மட்டுமல்ல. மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. அம்மா சர்க்கரைக்காரி. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் மட்டும்தான். கை லேசாக நடுங்க ஆரம்பித்திருந்தது. "ஒரு வாய் வாழைப்பழமாவது சாப்பிடுங்கத்தே" என்றதற்கு, வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டாள்.

கீழிருந்து ஐந்தாம் மாடி அம்மாள் குரல் கொடுத்தார். "ஸயா, இங்க நெறைய உக்காந்திருக்கு. கயித்துல இறக்குங்க, நான் வைக்கிறேன்."

எங்கள் ஊரில் எல்லா மாடியிலும் தெருவரை ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப்போடு. பேப்பரும் காய்கறியும் அதில்தான் ஏறும். நான் சந்தோஷமாக இலையை மடித்துப் பையில் போட்டேன். அம்மா தடுத்தாள்.

"வேணாம். ஒங்க அப்பா இன்னொருத்தர் வீட்டு வாசல்ல போயி சாப்பிடுற ஆளா? நம்ம வீட்டுலயே செவத்தப் பாத்துத் திரும்பி உக்காந்துதான சாப்பிடுவாங்க." பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அவுங்க வரமாட்டாங்கய்யா. எம்மேல கோவம்."

"உன் மேல என்னம்மா கோபம்?"

"ஒம்போது நாளு ஆஸ்பத்திரியில பக்கத்துலயே இருந்தேன். பத்தாவது நாளு காலையில பசி தாங்கல. கீழ போயி ஒரு மொஹிங்கா சாப்பிட்டேன். நின்னுக்கிட்டே ஒரு கிண்ணம். மேல வந்தா, அவுங்க இல்ல." அவள் அழவில்லை. யாருக்கோ விலாசம் சொல்வதுபோலச் சொன்னாள். "சோறு திங்கப் போனவளோட சோறு அவுங்களுக்கு எதுக்கு?"

தமேன் கட்டி, முகத்தில் தனக்காவோடு அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். ஒரு வருடம் இவள் இதை விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் உண்டை உருட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். என்னைப்போல ஒரு மடையன் பசுந்தாங்கிலேயே கிடையாது.

எல்லாவற்றையும் சொன்னேன். கவட்டை, த்வாண்டே மண், முப்பத்தேழு கலவை, காக்காய்களுக்கு என் முகம் தெரியும் என்பது வரை. அப்பாவுக்கு உன்மேல் கோபம் இல்லை, காக்காய்க்கு என்மேல்தான் கோபம் என்று சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் தலையில் கை வைத்தாள்.

"என்னைய சமாதானப்படுத்த இப்படியெல்லாம் கத கட்டாதய்யா. அம்பது வயசு ஆளு, எட்டு மாசமா மண்ணு உருட்டுனேன்னு சொன்னா யாரு நம்புவா?"

ஓடிப்போய்க் கலவைக் கணக்கு எழுதிய நோட்டைக் கொண்டுவந்தேன். அவளுக்கு எழுத்து தெரியவில்லை. கவட்டையைக் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்து, "நல்லா வழுவழுன்னு இருக்கு. தெருவுல பையனுங்களுக்குக் குடுத்துரு" என்றாள். கண் அட்டையில் இருந்த மண் தழும்புகளை விரலால் தொடவைத்தேன். "செவுரு ஒழுகுதா?" என்றாள். மனைவியைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவள், "நெசந்தான் அத்தே, எனக்கும் நம்ப முடியாமத்தான் இருந்திச்சு" என்றாள். அது உதவவில்லை. உண்மை இவ்வளவு கேவலமாக இருந்தால் அதைச் சொல்லி ஒருவரையும் காப்பாற்ற முடியாது போலிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து மச்சானிடமிருந்து போன். அவருக்கு அன்றுதான் தோட்டா அமைந்துவிட்டதாம், ஐந்தும் ஒரே ஓட்டையாம். நான் கத்தினேன். காக்காய், திதி, அம்மா, குல்லா, தமேன் எல்லாம் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, ரொம்ப அமைதியாகக் கேட்டார்.

"குல்லா மாத்தின. கண்ணாடி மாத்தின. துணி மாத்தின. மாத்தாம வச்சிருக்குறது என்ன?"

போனை வைத்தேன்.

இலையைத் திரும்ப விரித்து, சோற்றை என் கையால் மறுபடி ஒழுங்காக வைத்து, பால்கனிக் கட்டையில் வைத்தேன். மகன் கை பட்டாயிற்று. மனைவியிடம், அம்மாவின் நாற்காலியைப் பால்கனி வாசலுக்கு நகர்த்திவிட்டு அடுப்படிக்குப் போய்விடச் சொன்னேன். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். அந்த அறைக்கும் பால்கனிக்கும் நடுவே ஒற்றைப் பலகைத் தடுப்புதான். கவட்டை இன்னும் என் கையில் இருந்தது.

வெகுநேரம் ஒன்றுமில்லை. குழாய் சொட்டியது. கன்னத்தில் தனக்கா காய்ந்து இழுத்தது. அம்மாவுக்கு மயக்கம் வந்தால் கதவை உடைத்துக்கொண்டு ஓடவேண்டும் என்று ஒரு காலை முன்னால் வைத்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு பால்கனிக் கம்பியில் நகம் கீறும் சத்தம். ஒரு தத்தல். இன்னொன்று. வாழையிலை சலசலத்தது.

"வந்துட்டீங்களா" என்றாள் அம்மா. ஒரு வருடமாக நான் கேட்காத குரல் அது. "சாப்பிடுங்க. யாரும் பாக்கல. நானும் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

நாற்காலி நகர்ந்தது.

"அன்னிக்கு ரொம்பப் பசிச்சிருச்சுங்க. அதான் கீழ போனேன். ஒரே ஒரு கிண்ணந்தான். ஓடித்தான் வந்தேன்."

இலையில் அலகு படும் சத்தம், நிறுத்தி நிறுத்தி, கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா அடுப்படிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "எனக்கும் போட்டுக் கொண்டாம்மா. அவுங்க சாப்பிடுறாங்க."

என்னையும் மனைவி வந்து கூப்பிட்டாள். சோறு ஆறுகிறது என்றாள். நான் கதவைத் திறக்கவில்லை. திறந்தால் அப்பா பறந்துவிடுவார்.